கழுத்துக்குள் ஒரு கோடு

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படம் போட்டோ அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டோ என்றால் எதிரே இருப்பது அப்படியே பதியும். எம்.ஆர்.ஐ.யில் பதிவது படமே இல்லை. மூட்டை மூட்டையாக எண்கள். அவற்றைக் கம்ப்யூட்டர் கூட்டிப் பெருக்கி, 'இந்தாப்பா, உன் கழுத்து' என்று ஒரு படம் போட்டுக் கொடுக்கிறது. போட்டுக் கொடுப்பதற்குத் தமிழில் இன்னொரு அர்த்தமும் உண்டு. என் விஷயத்தில் இரண்டும் நடந்தது.

2017-ல் என் வலது கைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. பேனா பிடிப்பது, நோட்டு எண்ணுவது, பைலைப் புரட்டுவது, டீ கிளாஸைத் தூக்குவது என்று ஒரு குமாஸ்தாவின் சகல காரியங்களும் அந்த இரண்டு விரல்களில்தான் ஓடுகின்றன. ஆபீஸில் ஆளுக்கொரு வைத்தியம். பக்கத்து சீட் அண்ணன், "வாயு. பூண்டு சாப்பிடு" என்றார். டெஸ்பாட்ச் அக்கா, "சுகர் பார்த்தீங்களா?" என்றார். சூப்பிரண்டு ஒன்றும் சொல்லவில்லை. லீவுக்கு அடி போடுகிறான் என்று அவருடைய மூக்குக் கண்ணாடி மட்டும் சொன்னது.

எலும்பு டாக்டர் என் கழுத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். திருச்சியில் ஸ்கேன் சென்டருக்கா பஞ்சம்? ஒன்றுக்குப் போனேன். பெஞ்சில் எனக்கு முன்னால் பதினோரு பேர். ஆனாலும் வரிசை மளமளவென்று நகர்ந்தது. உள்ளே போனது தெரியும், வெளியே வந்தது தெரியும், அவ்வளவு வேகம். சாயங்காலம் பெரிய கவரைக் கையில் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டில் இங்கிலீஷில் ஏகப்பட்ட வரிகள். கடைசிக்கு முந்தின வரியில், தண்டுவடத்தின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு என்று போட்டு, பக்கத்தில் 'சிரிங்ஸ்?' என்று எழுதியிருந்தது. அந்தக் கேள்விக்குறியும் அவர்கள் போட்டதுதான். கேள்விக்குறி போட்ட ரிப்போர்ட்டுக்கும் முழுக் கட்டணம்தான், தெரியுமோ?

சிரிங்ஸ் என்ற பெயரில் சிரிப்பு இருக்கிறதே தவிர விஷயத்தில் இல்லை. கிரேக்க பாஷையில் குழல் என்று அர்த்தம். தண்டுவடத்துக்குள்ளே நீர் கோத்துக்கொண்டு, குழல் மாதிரி ஒரு பொந்து உண்டாகிறது. அது பெரிதானால் கையிலும் தோளிலும் சூடும் வலியும் உறைக்காமல் போகும். அடுப்பில் கை பட்டால்கூடத் தெரியாது. சிலருக்கு ஆபரேஷன் வரைக்கும் போகும்.

இதெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு ஒரு மனுஷன் என்ன செய்வான்? சூடான காபி டம்ளருக்குள் விரலை விட்டுப் பார்ப்பான். காலையிலும் மாலையிலும் விட்டுப் பார்த்தேன். சுட்டது. "ஏங்க, அந்த டம்ளருக்குள்ள என்னதான் தேடறீங்க?" என்றாள் மனைவி. அவளிடம் கேள்விக்குறியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மகள் யு.கே.ஜி. வீட்டுக் கடன் இன்னும் பதினாலு வருஷம் பாக்கி. ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு பீரோவைத் திறந்து, பாலிசி பத்திரத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். நியூரோ சர்ஜனிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கப் பதினெட்டு நாள் ஆயிற்று. அந்தப் பதினெட்டு நாளில் பில்களை எப்படிப் பாஸ் செய்தேன் என்று எனக்கே தெரியாது. தயவுசெய்து ஆடிட்காரர்கள் இதைப் படிக்க வேண்டாம்.

சர்ஜன் பெரியவர். நிதானமானவர். முதலில் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். குண்டூசியால் தோள், கை, விரல் என்று குத்திக்கொண்டே வந்தார். ஜில்லென்ற உலோகத்தை வைத்து, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டார். எல்லாம் தெரிந்தது. அதற்கப்புறம்தான் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கோடு ரொம்ப நேரா இருக்கே! வியாதி இப்படி ஸ்கேல் வெச்சுப் போடாதே" என்றார்.

எனக்குப் பதினெட்டு நாளில் முதல் தடவையாக மூச்சு முழுசாக வந்தது.

"இது உங்க கழுத்துல இருக்கற கோடா, மிஷின் போட்ட கோடான்னு பார்க்கணும். வேற இடத்துல எடுங்க. எப்படி எடுக்கணும்னு நான் எழுதித் தரேன்" என்று சீட்டில் ஏதோ கிறுக்கினார்.

இரண்டாவது சென்டரில் சீட்டைப் படித்த டெக்னீஷியன் பையனுக்கு ஏக சந்தோஷம். "கிப்ஸானு பார்க்கச் சொல்லியிருக்கார் ஸார்!" கிப்ஸ் என்று எங்கள் தாத்தா காலத்தில் ஒரு டூத் பேஸ்ட் உண்டு. இது அது இல்லையாம். உள்ளே ஒரு சின்னப் பையன் அசையாமல் படுக்க மறுத்து அழுதுகொண்டிருந்ததால், எனக்கு முக்கால் மணி நேரம் இலவச வகுப்பு கிடைத்தது. என் பாஷையில் சொல்கிறேன்.

உடம்பில் பெரும் பங்கு தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன். ஒவ்வொரு ஹைட்ரஜன் கருவும் பம்பரம் மாதிரி சுற்றுகிற ஒரு குட்டிக் காந்தம். மிஷினில் இருப்பது பூதக் காந்தம், 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தத்தைப் போல் சுமார் முப்பதாயிரம் மடங்கு. அதற்குள் போனதும் நம் பம்பரங்கள் ஒரு ஒழுங்குக்கு வருகின்றன. 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால் ஒரு தட்டு தட்டினால் தள்ளாடி, அதே அலைவரிசையில் பதில் சொல்கின்றன. எஃப்.எம். ஸ்டேஷன்கள் 88-ல் ஆரம்பிக்கின்றன. நம் கழுத்து அதற்குக் கொஞ்சம் கீழே ஒலிபரப்பாகிறது. விளம்பரம் கிடையாது.

பதில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? காந்தத்தை இடத்துக்கு இடம் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வைத்தால் பதிலின் சுருதியும் இடத்துக்கு இடம் மாறும் என்று 1973-ல் அமெரிக்காவின் பால் லாட்டர்பர் காட்டினார். இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு அதை வேகப்படுத்த வழி சொன்னார். 2003-ல் இரண்டு பேருக்கும் நோபல். ரேமண்ட் டமேடியன் என்ற மூன்றாமவருக்குக் கிடைக்கவில்லை. அவர் பெரிய பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து அநியாயம், அக்கிரமம் என்று சண்டை போட்டார். ப்ரமோஷன் லிஸ்டில் பெயர் விட்டுப்போனவர்களுக்கு அந்த வலி புரியும்.

இப்படி வந்து சேர்வதெல்லாம் அலைகள். எப்பேர்ப்பட்ட வளைவையும் அலைகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று சொன்னவர் ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரர். அவருடைய புத்தகம் 1822-ல் வந்தது. வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தவர் அவர்; நம் கழுத்தைப் பற்றி அவருக்கு எந்தக் கவலையும் இல்லை. மிஷின் அதே கணக்கைத் திருப்பிப் போட்டு, அலைகளைக் கூட்டிப் படத்தை வரவழைக்கிறது.

இங்கேதான் கோளாறு. அலை என்பது உருண்டை திரண்ட சமாச்சாரம். அதை வைத்துச் செங்குத்தான ஓரத்தைக் கட்டுவது, உருண்டைக் கூழாங்கல்லை வைத்து மூலை மடங்கின சுவர் கட்டுவது மாதிரி. சரியாக வர வேண்டுமானால் முடிவில்லாமல் அலைகள் வேண்டும். 128-லோ 256-லோ நிறுத்தினால் ஓரத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன அலையடிப்பு மிஞ்சும். வேடிக்கை என்னவென்றால், எத்தனை அலை சேர்த்தாலும் அந்த முதல் துருத்தலின் உயரம் ஓரத்தின் உயரத்தில் சுமார் 9 சதவிகிதத்துக்குக் கீழே இறங்காது. ஒடுங்கி ஒடுங்கி ஓரத்தோடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஒளியின் வேகத்தை அளந்த மைக்கேல்சன் 1898-ல் 'நேச்சர்' இதழில் இந்தத் தொடர்கள் பற்றிக் கேள்வி கிளப்பினார். 1899-ல் கிப்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் விளக்கினார். பெயர் கிப்ஸுக்குப் போயிற்று. ஆனால் வில்பிரஹாம் என்ற இங்கிலாந்துக்காரர் 1848-லேயே இதை எழுதி வைத்திருந்தார், யாரும் கவனிக்கவில்லை. பைலில் நோட் போட்டவன் ஒருவன், கையெழுத்துப் போட்டவன் ஒருவன். நமக்குப் புதுசா என்ன?

"சரி தம்பி, இதுக்கும் என் கழுத்துக்கும்?"

"உங்க தண்டுவடம் முன்னும் பின்னுமா ஒரு சென்டிமீட்டர்கூட இல்ல ஸார். அதுக்கு ரெண்டு பக்கமும் தண்ணி மாதிரி ஒரு திரவம். இந்த வகைப் படத்துல திரவம் வெள்ளை வெளேர்னு இருக்கும், தண்டுவடம் சாம்பல். ரெண்டு பக்கமும் செங்குத்தான ஓரம். முன்னாடி ஓரத்து அலையும் பின்னாடி ஓரத்து அலையும் எங்க போய்ச் சந்திக்கும்?"

"நடுவுல."

"அதான் உங்க கோடு."

பிறகு என் பழைய ஃபிலிமை வாங்கி, ஓரத்தில் எறும்பு எழுத்தில் இருந்த எண்ணைக் காட்டினார்: 128. முன்பக்கம் பின்பக்கமாக 25 சென்டிமீட்டர் அகலத்தை 128 படியாக அளந்திருக்கிறார்கள். ஒரு புள்ளி கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த தண்டுவடத்துக்கு நாலு புள்ளி கிடைத்தால் அதிகம். அதே அகலத்தை 256 படியாக அளந்தால் புள்ளி 1 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். அலையடிப்பு ஒடுங்கி ஓரத்தோடு போய்விடும். ஆனால் படி இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்கு. ஒவ்வொரு படிக்கும் பம்பரத்தைத் தட்டி, காத்திருந்து, பதிலை வாங்க வேண்டும். பெஞ்சில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தால் 128 ஏன் கையில் வருகிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

"திசையையும் மாத்தலாம் ஸார். முன் பின்னா அளக்கறதை மேல் கீழா அளந்தா, நெடுக்க ஓடற கோடு மறைஞ்சுடும். ஆனா அப்ப தலையும் மார்பும் படத்துக்குள்ள மடிஞ்சு வந்து உட்கார்ந்துக்கும். அதைத் தடுக்க வெளியிலயும் சேர்த்து அளக்கணும்." ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொரு ஓட்டை. எங்கள் ஓட்டு வீட்டில் மழைக்காலத்தில் அம்மா பாத்திரம் மாற்றி மாற்றி வைப்பது ஞாபகம் வந்தது.

அப்புறம் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் இன்றைக்கும் ஆபீஸில் எதற்கெல்லாமோ உபயோகிக்கிறேன். "எடுக்கற விதத்தை மாத்துங்க ஸார். கோடு நகர்ந்தா மிஷினோடது. நகரலேன்னா உங்களோடது."

இதற்கெல்லாம் பொதுப் பெயர் ஆர்டிஃபாக்ட். படத்தில் இருக்கும், உடம்பில் இருக்காது. டெக்னீஷியனுக்கு இதில் ஒரு பெரிய பேய்க் கதைத் தொகுப்பே இருந்தது. நோயாளி மூச்சு விட்டால் வயிற்றின் கொழுப்பு வரிசையாக நாலைந்து நிழல்களாக நிற்கும். அதனால் மூச்சைப் பிடிக்கச் சொல்கிறார்கள், அல்லது மூச்சின் தாளத்தோடு சேர்த்து எடுக்கிறார்கள். எச்சில் முழுங்கினால் தொண்டையின் நிழல் கழுத்து எலும்பு மேல் விழும். அதற்குத் தொண்டைப் பக்கம் மட்டும் முதலில் ஒரு தட்டு தட்டிச் சத்தமில்லாமல் பண்ணிவிட்டுப் படம் எடுப்பார்கள். எடுக்கிற வட்டம் சின்னதாக இருந்தால் மூக்கு தலையின் பின்பக்கத்தில் முளைக்கும். ஒரு கொண்டை ஊசி போதும், மூளையில் கறுப்பாக ஒரு பள்ளம் தெரியும். சில மஸ்காராக்களில் இரும்பு ஆக்ஸைடு இருப்பதால் கண் பக்கம் படம் இழுத்துக்கொள்ளும். உடம்பில் பிளேட் வைத்தவர்களுக்கு, ஸ்டீலைவிட டைட்டானியம் எவ்வளவோ சாது. இதனால்தான் பல் கிளிப்பிலிருந்து பிளேட் வரை துருவித் துருவிக் கேட்கிறார்கள். வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், படத்துக்காக மட்டுமில்லை, சில உலோகங்கள் அந்தக் காந்தத்துக்குள் போவது உயிருக்கே ஆபத்து.

எனக்கு மிகவும் பிடித்தது ஜிப் பேய். அந்த அறை முழுக்க செம்புத் தகடு வேய்ந்த கூண்டு. வெளி ரேடியோ அலை நுழையக்கூடாது. கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் வெளியே திரிகிற அலை உள்ளே புகுந்து, படத்தின் குறுக்கே பேன்ட் ஜிப் மாதிரி ஒரு புள்ளிக் கோட்டைப் போட்டுவிடும். அதற்கு மருந்து? "கதவைச் சாத்தறது ஸார்."

தலையை ஆட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கும் வழி உண்டு. 1999-ல் ஜேம்ஸ் பைப் என்பவர் ஒரு வித்தை கண்டுபிடித்தார். வரிசையாக அளப்பதற்குப் பதில் ஃபேன் இறக்கை மாதிரி சுழற்றிச் சுழற்றி அளப்பது. ஒவ்வொரு இறக்கையும் நடுவழியாகப் போவதால், தலை எவ்வளவு திரும்பிற்று என்று அவற்றை ஒப்பிட்டே கண்டுபிடித்துச் சரி செய்துவிடலாம். அழுத பையனுக்குக் கடைசியில் அப்படித்தான் எடுத்தார்கள்.

என் முறை வந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு கூடு மாட்டினார்கள். காதில் பஞ்சு. கையில் ஒரு ரப்பர் பந்து. பயமாக இருந்தால் அமுக்கலாம். "நான் சொல்றப்ப மட்டும் முழுங்குங்க ஸார்" என்று மைக்கில் குரல் வந்த மறு வினாடி வாயில் காவிரி. அந்த வருஷம் நிஜக் காவிரியில்கூட அவ்வளவு தண்ணீர் வரவில்லை. மூக்கு நுனியில் அரிப்பு. தடதடவென்று ரோடு உடைக்கிற சத்தம், நடுவில் டொக் டொக், மறுபடி தடதட. முதன்முதலில் 1977 ஜூலையில் டமேடியன் கோஷ்டி ஒரு மனித மார்பைப் படம் எடுத்தபோது ஒரே ஒரு படத்துக்கு கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆயிற்று. உள்ளே உட்கார்ந்திருந்தது அவருடைய உதவியாளர். நம் தொல்லை அரை மணிதான் என்று நினைத்துக்கொண்டேன். மூக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் டெக்னீஷியன் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். ஒன்று 256 படியில். ஒன்று திசை மாற்றி. ஒன்று குறுக்கு வெட்டாக. நிஜமாகவே குழல் என்றால் அதில் வட்டமாக ஓட்டை தெரிய வேண்டுமாம். மூன்றிலும் கோடு இல்லை. தண்டுவடம் மழைக்குப் பிறகு கழுவி விட்ட தார் ரோடு மாதிரி நெடுக ஒரே சாம்பல்.

இருந்தது வேறு. ஐந்தாவது ஆறாவது கழுத்து எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கி, வலது பக்க நரம்பின் வேரில் இடித்துக்கொண்டிருந்தது. அந்த நரம்பு போய்ச் சேருகிற இடம் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். முதல் ஃபிலிமிலும் அது இருக்கத்தான் இருந்தது. வெள்ளைக் கோட்டின் பிரகாசத்தில் யாரும் அதைச் சட்டை பண்ணவில்லை. சர்ஜன் பிசியோதெரபி எழுதிக் கொடுத்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசக்கூடாது என்றார். மூன்று மாதத்தில் விரல்கள் திரும்பி வந்தன.

அன்றைக்கு ராத்திரிதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்ப அந்தக் கோடு?" என்றாள்.

"அது கணக்கு."

"எனக்கு ஸ்கூல்லேர்ந்தே கணக்கைக் கண்டா ஆகாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

முதல் சென்டரின் மேல் எனக்குக் கோபம் உண்டா? கோடு வந்ததற்கு இல்லை. எந்த மிஷினிலும் வரும். 128-க்கும் இல்லை, கூட்டம் அப்படி. ஆனால் கேள்விக்குறி போட்ட கை, அன்றைக்கே என்னை இன்னொரு ஐந்து நிமிஷம் படுக்க வைத்துத் திசையை மாற்றி ஒரு படம் எடுத்திருக்கலாம். சந்தேகத்தைத் தீர்க்கிற மிஷின் அவர்கள் கையில். சந்தேகத்தை மட்டும் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

இப்போது ஏ.ஐ. வந்துவிட்டது. கொஞ்சமாக அளந்து, மீதியை ஏற்கெனவே பார்த்த ஆயிரக்கணக்கான படங்களின் அனுபவத்தில் நிரப்பிக்கொள்கிறது. நியூயார்க் பல்கலைக்கழக டாக்டர்களும் ஃபேஸ்புக்காரர்களும் 2018-ல் சேர்ந்து இறங்கி, முழங்கால் படங்களைக் கால் பங்கு அளவை வைத்தே எடுத்துக் காட்டினார்கள். நேரம் மிச்சம், அசைவதற்குள் முடிந்துவிடுவதால் அசைவுப் பேய்களும் குறைவு. நல்ல காரியம். ஆனால் 2020-ல் அமெரிக்க நேஷனல் அகாடமியின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. வருகிற எண்கள் துளி பிசகினாலும் இந்த மாதிரி நெட்வொர்க்குகள் சில, இல்லாததை வரைந்துவிடும், இருக்கிற சின்ன விஷயத்தை அழித்துவிடும் என்று அதில் காட்டியிருந்தார்கள். என் கிப்ஸ் கோடு ஒரு அப்பாவி. எங்கே வரும், எத்தனை அகலத்தில் வரும் என்று பேப்பரில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வந்து அதுவே மாட்டிக்கொண்டது. ஏ.ஐ. வரைகிற பொய் நேர்க்கோடாக வராது. நிஜ வியாதி மாதிரியே வளைந்து நெளிந்து, அழகாக வரும். எனக்குப் பயம் அந்த அழகில்தான்.

சமீபத்தில் பக்கத்து சீட் அண்ணனுக்கு (பூண்டு அண்ணன்தான்) முழங்கால். துணைக்குப் போனேன். கவுன்ட்டர் பெண், "புது மிஷின் ஸார், ஏ.ஐ. எட்டு நிமிஷத்துல முடிஞ்சுடும்" என்றது. அண்ணன் முகத்தில் வெளிச்சம். நான் மெதுவாக டெக்னீஷியன் பக்கம் போனேன்.

"தம்பி, சந்தேகமா ஏதாவது தெரிஞ்சா, அந்த ஏ.ஐ. இல்லாமலும் ஒரு படம் போட்டுப் பார்ப்பீங்களா? திசையை மாத்தி ஒண்ணு?"

அவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "போடலாம் ஸார். கொஞ்சம் மணல் மணலா இருக்கும். டாக்டர் கேட்டா ரெண்டையும் வெச்சுக் காட்டுவோம்... ஸார் எந்த ஃபீல்டு?"

"பில் செக்‌ஷன்" என்றேன்.